சுண்டைக்காயும் சுமைகூலியும்

“சுண்டைக்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம்” என்பது எம்மவரிடையே வழங்கும் முதுமொழி. வாங்கிய பொருளின் விலையிலும் அதனை வீடு கொண்டுவந்து சேர்க்கும் செலவு மிகுந்துவிடும் என்பது அதன் கருத்து. சிறுவயதில் பாடசாலையில் இதனை மனனஞ் செய்தபோது, இதிலே அப்படி என்ன பெரிய உண்மை இருந்துவிடப் போகிறது என்று எண்ணியதுண்டு. கடந்த ஒக்டோபர் மாதம் கித்துல்கலவில் வாடகைக்கு எடுத்த இரண்டு துவிச்சக்கரவண்டிகள் அவ்வுண்மையை எனக்குக் கற்பித்தன.

கித்துல்கல கேகாலை மாவட்டத்தில், அவிசாவளையிலிருந்து அட்டன் நோக்கி ஏறும் வீதியில் அமைந்த சிற்றூர். மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் கலந்து களனி கங்கையாகி இவ்வூரைத் தழுவி ஓடுகின்றன. கித்துள் மரத்தால் பெயர்பெற்ற ஊராயினும், இன்று இதனை உலகறியச் செய்திருப்பவை ஆறும் ஒரு திரைப்படமுமே. 1957இல் வெளிவந்த “த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்” என்னும் ஆங்கிலப் படத்துக்காக இவ்வாற்றின் குறுக்கே பாலம் ஒன்று கட்டப்பட்டுப் பின்னர் தகர்க்கப்பட்டது. அவ்விடத்தைக் காணவும், இறப்பர்ப் படகில் நுரைத்தோடும் நீரிற் செல்லவும் உல்லாசப் பயணிகள் வருகின்றனர். அவர்களுக்காகவே வீதியோரத்தில் துவிச்சக்கரவண்டிகள் வரிசையாக நிற்கின்றன. பின்புறத்தில் தேயிலையும் இறப்பரும் நிறைந்த தோட்டங்கள். அவற்றின் லயங்களில் எமது மக்கள்.

இவ்வூருக்குப் பயணியாக வந்தவர் என் பாட்டனாரின் தம்பி. நான் அவரைச் சின்னத் தாத்தா என்றே அழைப்பேன். வயது 72. இவ்வூருக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றிற் பிறந்தவர். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என எம்மவரைப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். அப்பங்கீட்டில் அண்ணன் இங்கும் தம்பி அங்குமாயினர். இருபது வயதில் தலைமன்னாரிற் கப்பலேறிய தாத்தா, நீலகிரியில் தேயிலை பறித்து, பின்னர் கோயம்புத்தூரில் ஆலைத் தொழிலாளியாகி, அங்கேயே முதுமை எய்தினார். தாம் பிறந்த லயத்தையும், தம் தாயைப் புதைத்த இடத்தையும் ஒருமுறை பார்க்கவேண்டும் என்பதே அவர் இங்கு வந்ததன் நோக்கம்.

தோட்டத்துக்குச் செல்ல முச்சக்கரவண்டி பேசினேன். போய்வரக் கேட்ட தொகை, ஒரு துவிச்சக்கரவண்டியின் நாள்வாடகையைப் போல் மூன்று மடங்கு. இரண்டு வண்டிகள் எடுத்தால் இரண்டு மடங்கோடு முடிந்துவிடும். மாணவியான எனக்கு அந்த ஒரு மடங்கு மிச்சம் பெரிதாகத் தோன்றியது. தாத்தாவுக்கோ வேறொரு மகிழ்ச்சி. “நாலு மைலு தானே பாப்பா, மிதிச்சுப் போயிட்டு வந்திருவோம்” என்றார். சிறுவனாயிருந்தபோது கணக்கப்பிள்ளையின் ராலி சைக்கிளை மழைக்குப்பின் துடைத்து எண்ணெய் போடும் வேலை அவருடையது. துடைத்தாரேயன்றி அதில் ஏறியதில்லை. சைக்கிள் ஓட்டப் பழகியது கோயம்புத்தூரிலேதான். ஆலைக்கும் வீட்டுக்குமாக இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓட்டியிருக்கிறார். பிறந்த ஊரின் வீதியில் ஒருமுறை சைக்கிளில் போகவேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. அதனை நான் விளங்கிக்கொண்டேன். விளங்கிக்கொண்டதும் என் சிக்கனத்துக்கு வசதியாகவே இருந்தது.

கடையில் முதலிற் கேட்கப்பட்டது பணமன்று, கடவுச்சீட்டு. வண்டி திரும்பும்வரை அதனைப் பிணையாக வைத்திருப்பது வழக்கமாம். நாட்டுரிமைக் கடதாசிக்காக ஆண்டுக்கணக்கிற் காத்திருந்த தலைமுறையைச் சேர்ந்தவர் தாத்தா. தம் பெயர் பதிந்த புத்தகத்தை அவர் ஒரு கணம் கையிலேயே வைத்திருந்து, பின்னர் நீட்டினார். அடுத்து ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் அச்சிட்ட படிவம் ஒன்று வந்தது. சேதம், தாமதம், கழுவுதல் ஆகிய அனைத்தும் எடுப்பவர் பொறுப்பென்று அதிற் கண்டிருந்தது. நான் மேலோட்டமாக வாசித்தேன், தாத்தா கையொப்பமிட்டார். மழையங்கிக்கு வேறு வாடகை. படிவம் எழுதி, ஆசனத்தைத் தாழ்த்திப் புறப்படும்போது பிற்பகல் ஒரு மணியாகிவிட்டது.

இங்கேதான் நாம் மழையைக் கணக்கிலெடுக்கத் தவறினோம். கித்துல்கல ஈரவலயத்தின் நடுவிலுள்ளது. ஆண்டுக்கு 3000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் பிரதேசம். கோயம்புத்தூரின் ஆண்டு மழையோ 700 மில்லிமீற்றரை அண்டியதே. ஒக்டோபர், நவம்பர் மாதங்கள் இடைப்பருவப் பெயர்ச்சிக் காலமாகும். காலையில் வெயில் எறிக்கும். பிற்பகலில் மலைப்பக்கம் கறுத்து, இடியோடு கொட்டும். இது எனக்குத் தெரியாததன்று. தாத்தாவின் இருபதாண்டுப் பழக்கம் காய்ந்த சமதரையிற் பெற்ற பழக்கம் என்பதைத்தான் நான் சிந்திக்கவில்லை.

ஒன்றரை மைல் செல்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மழையில் துவிச்சக்கரவண்டி எவ்வாறு மாறிவிடுகிறது என்பதை அன்றுதான் கண்ணாரக் கண்டேன். சக்கரத்தின் ரிம்மை இரு இறப்பர்க் கட்டைகள் கவ்விப் பிடிப்பதாலேயே இவ்வகை வண்டி நிற்கிறது. ரிம் நனைந்ததும் கட்டைக்கும் உலோகத்துக்குமிடையே நீர்ப்படலம் புகுந்துவிடுகிறது. சக்கரம் சில சுற்றுகள் சுழன்று அந்நீர் துடைபட்ட பின்னரே பிடிப்பு உண்டாகிறது. பிடிக்கவில்லையே என்று பயந்து இன்னும் அழுத்தியிருக்கும் கையோ, பிடிப்பு வந்த கணத்திற் சக்கரத்தை முற்றாக நிறுத்திவிடுகிறது. வளைவுக்கு வெகுமுன்னரே பிரேக்கை இலேசாகத் தொட்டுத் தொட்டு நீரைத் துடைத்துக்கொள்வதே இதற்குப் பரிகாரம். வீதியோ தன் பங்குக்குச் சதி செய்கிறது. முதல் மழையில் எண்ணெய்க்கசிவு மிதந்தெழும். வெள்ளைக் கோட்டின் வர்ணமும் விழுந்து கிடக்கும் இலைகளும் வழுக்கும். ஓரத்தில் ஓடும் நீர் குழிகளை மறைக்கும். ஓரத்தை விட்டு நடுவே வந்தால் பின்னால் அட்டன் பஸ்.

இளையவர் ஒருவருக்கும் இவையெல்லாம் நேர்வனவே. ஆனால் முதுமை ஒவ்வொன்றின் விலையையும் கூட்டிவிடுகிறது. தாத்தாவின் மூக்குக்கண்ணாடியில் நீர் வழிந்தது; கழற்றினால் வீதி தெரியாது. குளிர்ந்த விரல்கள் பிரேக்கைப் பற்றச் சற்றுப் பிந்தின. கழுத்தைத் திருப்பிப் பின்னால் வரும் வாகனத்தைப் பார்க்க முடியவில்லை. மழையங்கியின் தலைமூடி செவிகளையும் அடைத்தது. ஓர் இறக்க வளைவிலே, முன்சக்கரம் திடீரெனப் பிடித்துக்கொள்ள, இடப்பக்கமாகச் சரிந்து வீதியோரக் கானில் விழுந்தார். வலப்பக்கம் விழுந்திருந்தால் இக்கட்டுரையை நான் எழுதியிருக்க மாட்டேன்.

எலும்பு முறியவில்லை. முழங்கை கிழிந்திருந்தது; இரத்தம் நிற்கவில்லை. இருதய நோய்க்காக, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை எடுப்பவர் அவர் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அருகிலிருந்த அரசாங்க வைத்தியசாலையில் தையலிட்டார்கள்; எம்மிடம் பணம் கேட்கவில்லை. காயத்திற் சேறு பட்டதால் எலிக்காய்ச்சல் பற்றியும் வைத்தியர் எச்சரித்தார். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் அந்நோய் அதிகம். சேற்றிலும் வெள்ளத்திலும் கலந்த கிருமி தோற்கீறல் வழியாக உட்புகும். காய்ச்சல் கண்டால் உடனே வரவேண்டும் என்றார். அடுத்த இரண்டு வாரமும் அவருடைய நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதே என் வேலையாயிற்று. அந்த அச்சத்தை எந்த நாணயத்திற் கணக்கிடுவது?

கணக்கிடத்தக்கவற்றைக் கணக்கிட்டுப் பார்த்தேன். ஒரு வண்டியின் நாள்வாடகையை ஓர் அலகு எனக் கொள்வோமாயின், பலகையில் எழுதியிருந்த விலை இரண்டு அலகு. எழுதாதவை: மழையங்கிகள் அரை அலகு, தாமதம் அரை, சேறு கழுவிச் சங்கிலிக்கு எண்ணெய் போட அரை, வளைந்த பிரேக் கைப்பிடிக்கு ஒன்றரை, எம்மையும் வண்டிகளையும் இரு தடவையாக ஏற்றிவந்த வாகனத்துக்கு மூன்று. ஆக ஆறு அலகு. வாடகையுஞ் சேர எட்டு. உடைந்த மூக்குக்கண்ணாடி இதில் அடங்கவில்லை. ஓர் அலகை மிச்சம் பிடிக்கப் புறப்பட்ட என் பொருளியல் அறிவு இவ்வாறு முடிந்தது.

பணத்திலும் பெரிய வாடகை ஒன்று அன்றிரவு செலுத்தப்பட்டது. நாம் வைத்தியசாலையிலிருந்து வெளியேறியபோது கடை மூடியிருந்தது; கடவுச்சீட்டு உள்ளே. வண்டிகளை வீட்டு முற்றத்தில் ஏற்றிவைத்தோம். “காலையில வாங்கிக்கலாம் தாத்தா” என்றேன். அவர் தலையசைத்தார், ஆனால் உறங்கவில்லை. “கடதாசி இல்லாம இருந்தது ஒனக்குத் தெரியாது பாப்பா” என்று மட்டும் இருளிற் சொன்னார். ஒரு சைக்கிளுக்குப் பிணையாகக் கொடுக்கத்தக்க பொருளா அது என்று நான் முன்னரே கேட்டிருக்க வேண்டும். கடவுச்சீட்டின் பிரதியையோ முற்பணத்தையோ கொடுக்க முடியுமா என்று வினவியிருக்கலாம். வினவ எனக்குத் தோன்றவில்லை. எனக்கு அடையாள அட்டை என்றும் இருந்து வந்திருக்கிறது.

கடைக்காரரைக் குறைகூறுவது எளிது. நியாயமாக நோக்குமிடத்து, மழை அவருக்கும் எதிரியே. நனைந்த சங்கிலி துருப்பிடிக்கும். சேறு பிரேக் கட்டைகளைத் தேய்த்துவிடும். அச்செலவை அவர் யாரிடமேனும் அறவிடத்தான் வேண்டும். அதனைப் பலகையில் எழுதாது படிவத்தின் மூலையில் எழுதியதே எனது குறை. மேலும், ஒல்லாந்து போன்ற நாடுகளில் முதியோர் பலர் மழையிலும் துவிச்சக்கரவண்டி ஓட்டுகின்றனர் என்றால், அங்கே தனிப்பாதையும், மட்காட்டும் சங்கிலி மூடியும் பூட்டிய வண்டியும், சமதரையும் உள்ளன. இங்கே மட்காட் இல்லாத மலைவண்டியைக் கொடுத்து, பஸ் ஓடும் மலைவீதியில் இறக்கிவிடுகிறோம். பயணக் காப்புறுதியும் முதியவருக்குக் கைகொடுக்கும் என்று நம்புவதற்கில்லை. வயதேறக் கட்டணம் ஏறும். முன்பிருந்த நோய்களைப் பல ஒப்பந்தங்கள் விலக்கியே வைத்திருக்கின்றன. ஆகவே எடுப்பவர் முன்கூட்டியே கேட்டறிவது நன்று: மழையில் வண்டியைத் திருப்பிக் கொடுத்தால் என்ன அறவிடுவீர்கள்? இடைவழியில் நின்றால் யார் வந்து ஏற்றுவார்? பிரேக் கட்டை எவ்வளவு தேய்ந்துள்ளது? பிற்பகலை விட்டுக் காலையிற் புறப்படுவது இவை எல்லாவற்றிலும் மேலானது.

எழுதப்படாத விலை இவ்வூருக்குப் புதியதன்று. இறப்பர்த் தோட்டத்தில் மழை பெய்தால் பால்வெட்டு நின்றுவிடும். நிற்கும் நாளின் நட்டம் தொழிலாளியின் அடுப்பிலேதான் முதலில் தெரியும். பயணிகள் பார்க்க வரும் அப்படப் பாலமும் அத்தகையதே. 1942, 43ஆம் ஆண்டுகளில் யப்பானியர் அமைத்த சியாம் - பர்மா ரெயில்பாதையில், யுத்தக் கைதிகளோடு, மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவரும் மாண்டனர். படத்திலே அவர்களுக்கு இடமில்லை.

மறுநாட் காலை கடை திறக்குமுன்பே நாம் சென்று நின்றோம். கடவுச்சீட்டு கைக்கு வந்ததும் தாத்தா அதைத் திறந்து, தம் படத்தைப் பார்த்துவிட்டு, சட்டைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு முச்சக்கரவண்டி பேசித் தோட்டத்துக்குச் சென்றோம். அதே மூன்று அலகு. பழைய லயத்தின் ஒரு பகுதி நின்றது. கொள்ளுப்பாட்டியைப் புதைத்த மேட்டிலே இறப்பர் மறுநடுகை செய்யப்பட்டிருந்தது. எந்த மரத்தடி என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு மரத்தடியைத் தெரிந்து, அங்கே சூடம் கொளுத்தினோம். மழை வருமுன் இறங்கிவிட்டோம்.

ஒன்றைச் சொல்லாது விடமுடியவில்லை. விழுந்த அன்று இரவு, தையலிட்ட கையோடு, எமது முற்றத்தில் நின்ற இரு வண்டிகளையும் தாத்தா தம் துவாயினாற் துடைத்திருக்கிறார். ரிம்மைத் துடைத்து, சங்கிலியை உலர்த்தி, தேங்காயெண்ணெய் தடவியிருந்தார். அவ்வாறிருந்தும் காலையிற் கடையில் கழுவுகூலி கேட்டபோது நான் வாதாடினேன். தாத்தா என் கையைப் பிடித்து, “குடுத்துரு பாப்பா, படிவத்துல கையெழுத்துப் போட்டது நான்தானே” என்றார். கொடுத்தேன். அந்த அரை அலகு என் கணக்கில் இன்னும் தனியாகவே நிற்கிறது.