ஏழரைக்கு முன் வைத்த நிலை

என் கைராசியைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஃபியூஸ் போட்டால் பக்கத்து வீட்டிலும் விளக்கு அணையும். குழாய்க்கு வாஷர் மாற்றினால் மாடி டாங்க் காலியாகும். அப்படிப்பட்ட நான், 1997-ல் எங்கள் வீட்டு வாசல் நிலைக்கு பீடிங் அடிக்கக் கிளம்பினேன்.

காரணம், தங்கையைப் பெண் பார்க்க அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். கிழக்குத் தாம்பரத்தில் 1983-ல் அப்பா பி.எஃப். லோன் போட்டுக் கட்டிய வீடு. ஹாலுக்குள் நின்று பார்த்தால், வாசல் நிலைக்கும் சுவருக்கும் நடுவே மேலிருந்து கீழ் வரை ஒரு விரிசல். மரம் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். சிமென்ட் பூச்சு அதற்கெல்லாம் அசையாது. இரண்டும் சேருகிற இடத்தில் விரிசல் விழாமல் என்ன செய்யும்? அதன் மேல் அப்பா ஒரு முருகன் காலண்டரை மாட்டியிருந்தார். வருஷா வருஷம் முருகன் மாறுவார், விரிசல் மாறாது.

"நிலையைச் சுத்தி ரெண்டு அங்குலப் பட்டை அடிச்சா விரிசல் தெரியாது தம்பி" என்றார் ஆசாரி. சரிதான். ஆனால் அவர் சொன்ன கூலியைக் கேட்டதும் எனக்குள் இருந்த ஆசாரி விழித்துக்கொண்டான். மூன்று பட்டை, பத்து ஆணி. இதற்கு ஒரு ஆளா?

நிலை ஏழடி உயரம், மூன்றரை அடி அகலம். ஏழும் ஏழும் பதினாலு, மூன்றரை சேர்த்தால் பதினேழரை. பாரிமுனை ஆபீஸில் தினமும் லெட்ஜர் கூட்டுகிறவனுக்கு இது ஒரு கணக்கா! மரக்கடையில் கம்பீரமாகப் பதினேழரை அடி தேக்குப் பட்டை கேட்டேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் வீட்டுக்கு வந்ததும்தான் புரிந்தது.

படத்துக்கு ஃபிரேம் போடுகிற மாதிரி மூலையில் 45 டிகிரி சாய்த்து அறுத்தால், பட்டையின் வெளி ஓரம் உள் ஓரத்தைவிட நீளமாக இருக்க வேண்டும். இரண்டு அங்குலப் பட்டைக்கு நெடுக்குக் கால் ஒவ்வொன்றிலும் இரண்டு அங்குலம், குறுக்குப் பட்டையில் நாலு. மொத்தம் எட்டு அங்குலம் துண்டு விழுந்தது. மறுபடி கடைக்குப் போனேன். "வாங்க சார், எதிர்பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றார்.

சனிக்கிழமை மதியம் வேலை ஆரம்பம். 45 டிகிரிக்குப் பள்ளம் வெட்டிய மரப்பெட்டியை ஆசாரியிடம் இரவல் வாங்கி, பட்டையை அதில் வைத்து அறுத்தேன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே அறுத்திருந்தேன். தரையில் வைத்துச் சேர்த்தால் அப்படியே கச்சிதம். தூக்கி நிலையில் வைத்தால்... இடது மூலையில் வெளிப்பக்கம் வாயைப் பிளந்தது. வலது மூலையில் உள்பக்கம். எட்டணாக் காசு தாராளமாக நுழையும்.

மறுபடி இழைத்தேன். இடது பக்கம் சேர்ந்தது, வலது பக்கம் இன்னும் பெரிதாகப் பிளந்தது. பேச்சுவார்த்தைக்கு வந்த இரண்டு கட்சிகள் மாதிரி, ஒன்று ஒத்துக்கொண்டால் இன்னொன்று முறுக்கிக்கொண்டது.

தங்கை சிரித்தாள். பக்கத்து வீட்டு மாமா வேறு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். கோபத்தில் டேப்பை எடுத்து நிலையை மூலைக்கு மூலை குறுக்காக அளந்தேன். நேரான நிலை என்றால் இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். முக்கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம்!

"என் மேல தப்பே இல்ல. நிலையே கோணல்! நிலை என்ன, வீட்டையே கோணலாத்தான் கட்டி வெச்சிருக்காரு அப்பா!" என்றேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

மாமா சிரித்தார். அப்பா ஈஸிசேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பரை நாலாக மடித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் போட்டார். ஒன்றும் சொல்லாமல் கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

அம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். "வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா? அது கோணல்னு அவருக்குத் தெரியாதா?"

அப்போதுதான் கதை வெளியே வந்தது. நிலை வைக்க நாள் குறித்தது ஒரு திங்கட்கிழமை. ஏழரைக்கு ராகு காலம். ஆறு மணிக்கு வர வேண்டிய நிலை, மாட்டு வண்டியில் ஆடி அசைந்து வந்து சேர்ந்தபோது மணி ஏழு இருபது. மாவிலை கட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, அடியில் காசும் நவதானியமும் போட்டு அவசரமாக நிறுத்தினார்கள். கொத்தனாருக்குத் தூக்குக்குண்டு பிடித்துப் பார்க்கக்கூட நேரமில்லை. சாயங்காலம் பார்த்தால் இரண்டு காலும் ஒரு அங்குலம் சாய்ந்திருக்கிறது. அதற்குள் சிமென்ட் இறுகிவிட்டது.

"பேர்த்து வைக்கலாம்னுதான் சொன்னாரு. வெச்ச நிலையைப் பேர்க்கக் கூடாதுன்னு நான்தான் அழுதேன். லோன் பணமும் அன்னிக்குக் கையில அவ்வளவுதான். பதினாலு வருஷமா ஆபீஸ் போறப்ப, வர்றப்ப எல்லாம் அதைப் பார்த்துக்கிட்டுத்தான் போனாரு. ஒரு நாள் என்னைக் குத்திக் காட்டினதில்ல. நீ பத்து பேர் முன்னாடி சொல்லிட்ட."

பத்து பேர் இல்லை, இரண்டு பேர்தான். ஆனால் அந்தக் கணக்கைத் திருத்த எனக்கு வாய் வரவில்லை.

ராத்திரி எட்டு மணி. பட்டைகளை அடுக்கி வைத்துவிட்டு, நாளைக்கு காலண்டரோடு கூட ஒரு தோரணமும் மாட்டிவிடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்பா பரணிலிருந்து எதையோ இறக்கினார். பழைய பேப்பர் சுற்றிய ஒரு தேக்குப் பலகை. நிலை செய்தபோது மிஞ்சியதாம். பதினாலு வருஷமாகப் பத்திரப்படுத்தியிருக்கிறார்.

"மூலையை எதுக்குடா சாய்ச்சு அறுக்கணும்? கால் ரெண்டையும் நேரா நிக்க வை. மேல இதைக் குறுக்கால போடு. ரெண்டு பக்கமும் முக்கால் அங்குலம் வெளிய நீட்டட்டும். இது பட்டையைவிடத் தடிமன். சுவர் ஏறி இறங்கியிருந்தாலும் தெரியாது."

"அப்பா, சாயங்காலம் நான்..."

"டார்ச்சைப் பிடி."

அவ்வளவுதான். பட்டையை இடத்திலேயே நிறுத்தி, நிலையின் மேல் ஓரத்தை ஒட்டிப் பென்சில் கோடு போட்டு, கோட்டில் அறுத்தோம். டிகிரியும் இல்லை, பெட்டியும் இல்லை. ஆணியின் தலையைத் தட்டி நசுக்கிக் கொடுத்தார். அப்போதுதான் மரத்துக்குள் முழுசாக இறங்குமாம். "சுவத்துல அடிக்காதே, வளையும். நிலையோட மரத்துல ஏத்து" என்றார். ஆணிக்குழியில் பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டு, வார்னிஷ் அடித்து முடிக்கும்போது மணி பன்னிரண்டு.

மறுநாள் வந்தவர்களில் மாப்பிள்ளையின் அப்பா வாசலிலேயே நின்றார். மேல் பலகையைத் தடவிப் பார்த்தார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"வேலை சுத்தமா இருக்கே. எந்த ஆசாரி?"

அப்பா என்னைப் பார்த்தார். "பையன்தான் பண்ணினான்" என்றார்.

அந்த வரன் அமையவில்லை. ஜாதகமோ என்னமோ சொன்னார்கள். அடுத்த வருஷம் வேறு நல்ல இடத்தில் அமைந்தது. அவர்களும் அந்த வாசல் வழியாகத்தான் வந்தார்கள்.

அப்பா இப்போது இல்லை. போன மாதம் பெயின்ட் அடிக்க வந்த பையன், "பழசா இருக்கு சார், பிடுங்கிட்டு புது மாடல் பட்டை போட்டுடலாமா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். சும்மா இருக்க மாட்டாமல் டேப்பை எடுத்து மூலைக்கு மூலை அளந்தவன், "சார், நிலை கோணலா இருக்கு!" என்றான், பெரிய கண்டுபிடிப்பு மாதிரி.

"தெரியும்ப்பா. மெதுவாப் பேசு, அம்மா உள்ளே இருக்காங்க" என்றேன்.