தாய்வீட்டு விடுமுறை

பள்ளிக்கு விடுமுறை உண்டு, அலுவலகத்துக்கு உண்டு, வயலுக்குக்கூட இரண்டு போகங்களுக்கு இடையே சில வாரங்கள் ஓய்வு உண்டு. நம் வீடுகளில் அடுப்புக்கு மட்டும் அது கிடையாது. அடுப்படியில் நிற்பவருக்கு முன்னாள்களில் கிடைத்த ஒரே விடுதலை, மே மாதத்தில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தாய்வீடு சென்று தங்கும் பதினைந்து நாள்களே.

எம் பங்கைச் சேர்ந்த சகோதரி ஒருவர் அந்த நாள்களைப்பற்றி அண்மையில் நெடுநேரம் பேசினார். ஐம்பத்தைந்து வயதைக் கடந்தவர். கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்து, 1990-இல் மதுரைக்கு வாழ்க்கைப்பட்டவர். "தாராளமாக எழுதுங்கள் சாமி, என் பெயரும் ஊர்ப்பெயரும் மட்டும் வேண்டாம்" என்ற அவருடைய இசைவுடனேயே இதனை எழுதுகின்றேன்.

மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு அந்நாளில் மீட்டர்கேஜ் ரயில் ஓடியது. 1928-இல் திறந்த பாதை அது. இரண்டாம் உலகப்போரின்போது தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்துச் சென்று, போருக்குப் பின் மீண்டும் அமைத்தார்கள். ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தூரத்தை அது ஊர்ந்து கடக்கும். அவசரக்காரர்கள் பேருந்தில் செல்வார்கள். இவரோ வேண்டுமென்றே ரயிலில் ஏறுவார். உசிலம்பட்டியைத் தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய் மலைகள் கண்ணில் பட்டதும் நெஞ்சு இலேசாகிவிடுமாம். "மருமகள் கணவாய்க்கு அந்தப் பக்கமே நின்றுவிடுவாள் சாமி, இந்தப் பக்கம் இறங்குவது மகள்தான்" என்றார். தேனியில் இறங்கினால், சின்னமனூர், உத்தமபாளையம் வழியாகப் பேருந்து.

வீட்டில் அவரை அடுப்படிக்குள் நுழைய விடமாட்டார்கள். வெயில் ஏறும்வரை உறக்கம். சனிக்கிழமையானால் தாயின் கையால் எண்ணெய்க் குளியல். ஒருநாள் புளிச்சோறு கட்டிக்கொண்டு சுருளி அருவி. பிள்ளைகள் பகல் முழுவதும் திராட்சைப் பந்தலின் அடியிலேயே கிடப்பார்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சைதான் அது. (இவ்வினத்தைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தவர் பிரெஞ்சுக் குரு ஒருவர் என்று சொல்வார்கள். எம் போன்றோருக்கு அதில் சிறிது பெருமை உண்டு.)

முல்லைப் பெரியாற்று நீரை முதல்போகத்துக்கு ஜூன் முதல் நாளில் திறப்பது வழக்கம். பென்னிகுயிக் கட்டி 1895-இல் திறக்கப்பட்ட அணையிலிருந்து, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வரும் அந்நீர், பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலத்தை நனைக்கின்றது. ஆனால் பள்ளிகள் திறப்பதும் அதே ஜூன் மாதத்தில்தானே! வாய்க்காலில் நீர் வரும் வேளையில் இவர் மூட்டை கட்டியாக வேண்டும். "கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் வயலில் நடவை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை" என்றபோது அவர் குரல் தாழ்ந்தது.

தந்தை முன்பே காலமாகியிருந்தார். தாயும் இறந்த பின், தம்பிமார் இருவரும் வீட்டை விற்க எண்ணி, விடுதலைப் பத்திரம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். "ஒரு கையெழுத்துத்தான் அக்கா" என்றார்களாம்.

இந்த "ஒரு கையெழுத்துத்தான்" என்ற சொல்லை எத்தனையோ குடும்பங்களில் கேட்டிருக்கின்றேன். மலைக்கு அப்பால், பழைய திருவிதாங்கூரில், 1916-ஆம் ஆண்டுச் சட்டம் கிறிஸ்தவ மகளுக்கு மகனுடைய பங்கில் கால்பகுதி அல்லது ஐயாயிரம் ரூபாய், இவற்றுள் எது குறைவோ அதையே அளித்தது. மேரி ராய் தொடுத்த வழக்கில், அச்சட்டம் 1951-லேயே செல்லாததாகிவிட்டது என்று உச்சநீதிமன்றம் 1986-இல் தீர்ப்பளித்தது. மலைக்கு இப்பால் அந்த இடர்ப்பாடு இருந்ததில்லை. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் மக்களுள் ஆண், பெண் இருபாலார்க்கும் சமபங்கே. சட்டம் கொடுத்ததைப் பாசத்தின் பெயரால் திரும்ப வாங்கிக்கொள்வது நம் வழக்கமாகியிருக்கின்றது. அது நேர்மையன்று என்பதே என் கருத்து.

இவர் பணத்தைக் கேட்கவில்லை. "வீட்டை விற்றுவிட்டால் மே மாதம் நான் எங்கே போவேன்?" என்றுதான் கேட்டார். தம்பிமார் பதில் பேசவில்லை. பேசியவர் மூத்த தம்பியின் மனைவி.

"மதினி, நீங்கள் வந்து தங்கும் பதினைந்து நாளும் அடுப்படியில் நின்றது யார்? நீங்கள் போன பிறகுதான் நான் எங்கள் அம்மாவைப் பார்க்கப் போவேன். அதற்குள் பள்ளி திறந்துவிடும். இரண்டு இரவு தங்கினால் அதிகம்."

முப்பது ஆண்டுகளாக அந்த வீட்டில் எவர் செவியிலும் விழாத வார்த்தை அது. இவருக்குச் சினம் வந்ததாம். பிறகு அழுகை வந்ததாம். அன்றிரவு இருவரும் நெடுநேரம் திண்ணையில் அமர்ந்திருந்தார்கள். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மறுவாரம் உடன்பிறந்தோர் மூவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். வயலில் தம் பங்கை இவர் தம்பிமாருக்கு விட்டுக்கொடுத்தார். வீடு மூவர் பெயரிலும் நிற்கும். மூவரும் ஒப்பாமல் விற்பதில்லை. இளைய தம்பிக்கு இதில் இன்னமும் சற்று மனத்தாங்கல்தான். அவருக்குக் கடன் இருக்கின்றது.

மீட்டர்கேஜ் ரயில் 2010-ஆம் ஆண்டின் முடிவோடு நின்றுபோயிற்று. அகலப்பாதையில் தேனிவரை 2022-இலும், போடிவரை 2023-இலும் மீண்டும் ரயில் வந்தது. அந்த ரயிலில் பேத்தியை அழைத்துக்கொண்டு, சென்ற மே மாதத் தொடக்கத்திலேயே இவர் ஊருக்குச் சென்றார். தம்பி மனைவி மறுநாள் காலை பெட்டியுடன் தம் தாய்வீட்டுக்குப் புறப்பட்டார். பத்து நாள்கள் தங்கினார். அந்தப் பத்து நாள்களும் தம்பி வீட்டுச் சமையல் முழுவதும் இவருடைய கையால்தான். "குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று தம்பி சொன்னான் சாமி. இத்தனை வருடத்தில் என் கைக்குழம்பை அவன் சாப்பிட்டதே அப்போதுதானே!" என்று சிரித்தார்.