நள்ளிரவுக் காவல்

ஃபால்மத் துறைமுகத்தில் ஒரு பாய்மரக் கப்பலில் படம் எடுக்க ஏறும்போது என்னிடம் ஒரே நிபந்தனைதான் சொன்னார்கள்: கேமராவின் ஷட்டர் சத்தம் கேட்கக் கூடாது. கப்பலில் இருந்தவர்கள் ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் மாகாணத்திலும் போரிட்டுத் திரும்பிய பிரிட்டிஷ் முன்னாள் படைவீரர்கள். எதிர்பாராத சின்னச் சத்தம்கூடச் சிலருக்குத் தூக்கிவாரிப் போடும்.

இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில், கார்ன்வாலில் இருக்கிறது ஃபால்மத். காற்றை நம்பி வாழ்ந்த ஊர். எங்கும் நிற்காமல் தனியாளாகப் பாய்ப்படகில் உலகைச் சுற்றிய முதல் மனிதர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968 ஜூனில் புறப்பட்டதும், 1969 ஏப்ரல் 22 அன்று கரை சேர்ந்ததும் இங்கேதான். ஃபால் கழிமுகத்தில் சிப்பி வாரும்போது மோட்டார் ஓடக் கூடாது என்ற பழைய விதி இன்றும் இருக்கிறது. பாயும் துடுப்பும் மட்டும்தான். போர் முடிந்து வந்தவர்களைப் பாய்மரக் கப்பலில் அழைத்துப் போக இதைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை.

முதல் நாள் பெரிய பாயை ஏற்றினார்கள். ஆறு பேர், ஒரே வடம். பாதி ஏறியபோது காற்று திசை மாற, பாய் படீர் படீரென்று அறைந்தது. துப்பாக்கிச் சத்தமேதான். கடைசியில் நின்றவரின் முகம் வெளிறிவிட்டது. கையை மட்டும் அவர் விடவில்லை. விட்டால் முன்னால் நிற்பவர்கள்மேல் பாரம் இறங்கிவிடும். நான் கேமராவைக் கீழே இறக்கினேன்.

கப்பலில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை காவல் மாறும். நள்ளிரவுக் காவல் வடத்தின் கடைசியில் நின்ற அவருக்கு. பல வருஷமாக ராத்திரியில் சரியான தூக்கமே இல்லை என்றார்.

“வீட்டில் முழித்துக் கிடந்தால் அது நோய். இங்கே அதுதான் என் வேலை.”

இருட்டில் தூரத்துக் கப்பல்களின் சிவப்பு, பச்சை விளக்குகளை என் கண்ணுக்குப் படும் முன்பே அவர் சொல்லிவிடுவார். போர் பழக்கிய கண். ஊரில் அவரை வாட்டிய அந்த விழிப்பை நம்பித்தான் கீழே மற்றவர்கள் தூங்கினார்கள். கடல் மட்டுமே குணமாக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். மருந்தையும் மருத்துவரையும் அவர் விடவில்லை.

நான்கு மணிக்குச் சுக்கானை அடுத்தவரிடம் கொடுத்தார். விடிந்து நான் மேல்தளத்துக்கு வந்தபோது, மடித்து வைத்திருந்த உபரிப் பாயின்மேல் வெயிலில் தூங்கிக்கொண்டிருந்தார். விரிந்த உள்ளங்கையில் வடம் உரசிய சிவப்புத் தடம். சத்தமில்லாமல் ஒரே ஒரு படம் எடுத்தேன்.

எழுந்ததும் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

“இதை என் மனைவிக்கு அனுப்ப முடியுமா? நான் இப்படித் தூங்கி அவள் பார்த்து ரொம்ப நாளாயிற்று.”

பிறகு வைத்த கண்காட்சியில் அந்தப் படம் இல்லை. ஒரே ஒரு பிரதிதான் போட்டேன். அது அவர்கள் வீட்டில் இருக்கிறது.