பெல்ட்டின் ஆயுள்

பழைய காரைக் கிரயம் பேசுகிறவர்கள், வண்டியின் வர்ணத்தையும் டயரின் தேய்மானத்தையும் ஏ.சி.யின் குளிர்ச்சியையும் மணிக்கணக்கில் பரிசோதித்து, இன்ஷூரன்ஸ் எந்த மாதம் வரை செல்லும் என்பதையும் விசாரித்து முடித்த பிறகும், எஞ்சினின் முகப்பில் ஒரு மூடிக்குள் ஒளிந்துகொண்டிருக்கும் இரண்டு விரல் அகல ரப்பர் பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்பதில்லை. கேட்டாலும் விற்கிறவர் சொல்லும் பதில், "அதெல்லாம் மாத்தியாச்சு" என்பதுதான். எப்போது, எங்கே, எத்தனையாவது கிலோமீட்டரில் என்று மேலும் வினவினால், சம்பாஷணை டீ சாப்பிடுவதைப் பற்றித் திரும்பிவிடும்.

எங்கள் தெருவில் ஜவுளி வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர், டிராவல்ஸ்காரர் ஒருவரிடமிருந்து 2012ஆம் வருஷத்து டீசல் இன்னோவா ஒன்றை வாங்கினார். மீட்டர் 1,42,000 கிலோமீட்டர் காட்டியது. டைமிங் பெல்ட் என்கிற அந்தப் பெல்ட்டை மாற்றுவதா, இன்னும் ஒரு வருஷம் ஓட்டிப் பார்ப்பதா என்ற விவகாரம் அவருடைய நித்திரையைக் கெடுக்கும் அளவுக்கு வளர்ந்தபோது, புஸ்தகம் படிக்கிறவனுக்கு யந்திரமும் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கையில் என்னையும் பட்டறைக்கு அழைத்துப் போனார். எனக்கு யந்திரம் தெரியாது. ஆனால் தெரிந்தவர்கள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் எனக்கு அலுப்பு வந்ததில்லை.

சத்தி ரோட்டிலிருந்து கணபதிப் பக்கம் திரும்பும் சந்து ஒன்றில், ஒரு புறம் ஃபவுண்டரி மணலும் மறு புறம் லேத்துகளின் ஓயாத சப்தமும் சூழ, தகரக் கொட்டகையின் கீழ் நடக்கிறது அந்தப் பட்டறை. பம்பு செட்டுக்கும் மில் யந்திரங்களுக்கும் உதிரி பாகம் வார்த்தும் கடைந்தும் பழகிய ஊர் ஆதலாலும், 1920ல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டித் தொழில் தொடங்கிய ஜி.டி. நாயுடுவின் காலத்திலிருந்தே மோட்டார் என்றால் பிரித்துப் பார்த்துவிடுவது என்ற வழக்கம் இங்கே ஊறிப்போயிருப்பதாலும், கோயமுத்தூரில் நல்ல மெக்கானிக்கைத் தேடி வெகு தூரம் போகவேண்டியதில்லை. கொட்டகைக்காரர் ஐம்பதைத் தாண்டியவர். பையன்களுக்கும் அவர் அண்ணாதான், வண்டி கொண்டுவருகிற பெரியவர்களுக்கும் அண்ணாதான்.

நண்பர் எடுத்த எடுப்பில் தம்முடைய பிரதான சாட்சியை முன்வைத்தார். இந்த வகை இன்னோவாவின் டாஷ்போர்டில், பெல்ட் மாற்றவேண்டிய தூரம் வந்ததும் எரிவதற்கென்றே ஒரு விளக்கு உண்டு. அது எரியவில்லை, ஆகவே பெல்ட்டை ஏற்கெனவே மாற்றியிருக்கவேண்டும் என்பது அவர் வாதம்.

"லைட்டு எரியலீனா பெல்ட்டு மாத்தியாச்சுன்னு அர்த்தம் இல்லீங்க" என்றார் அண்ணா, கையைத் துணியில் துடைத்தபடியே. "அது கிலோமீட்டரைத்தான் எண்ணுது, பெல்ட்டைப் பாக்கிறதில்லை. மீட்டர்ல இருக்கிற குமிழை அமுக்கிப் புடிக்கிற விதத்துல புடிச்சா லைட்டு அணைஞ்சு போயிருமுங்க. பெல்ட்டு அதே பெல்ட்டுத்தான்."

"மீட்டர் ஒண்ணு நாப்பத்திரண்டு காட்டுதுங்களே?"

அண்ணா பதில் சொல்லாமல் கதவைத் திறந்து, பிரேக் பெடலின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருப்பதையும், டிரைவர் சீட்டின் வலது ஓரம் அமுங்கிப்போயிருப்பதையும் விரலால் தொட்டுக் காட்டினார். டிராவல்ஸில் ஓடிய வண்டியின் பூர்வோத்தரத்தை மீட்டர் ஒரு விதமாகவும் பெடல் ஒரு விதமாகவும் சொல்லுமானால், பெடலின் வாக்குமூலத்தையே நான் நம்புவேன்.

அந்தப் பெல்ட்டின் உத்தியோகம் என்னவென்பதைச் சற்று விஸ்தாரமாகச் சொல்லவேண்டும். எஞ்சினின் அடிப்பகுதியில் பிஸ்டன்களால் சுழல்வது கிராங்க். தலைப்பகுதியில் வால்வுகளைத் திறந்து மூடுவது கேம். கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் கேம் ஒரே சுற்று, ஒரு பல்கூடப் பிசகாமல், சுற்றி முடித்தாக வேண்டும். டீசல் எஞ்சினில் காற்றை மிக நெருக்கி அமுக்க வேண்டியிருப்பதால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிச்சமிருக்கும் இடம் வெகு சொற்பம். அதே இடத்துக்குள்தான் வால்வும் இறங்கி ஏறுகிறது. கோலாட்டத்தில் தாளம் தப்பினால் கோல் விரலில் விழுவதுபோல, பெல்ட் அறுந்த மறுகணம் கேம் நின்றுவிட, ஓடுகிற வேகத்தில் பிஸ்டன் போய்த் திறந்திருக்கும் வால்வை முட்டுகிறது. இன்னோவாவில் கிராங்கிலிருந்து டீசல் பம்பு வரையிலான வேலையைப் பற்சக்கரங்களே பார்த்துக்கொள்ள, அங்கிருந்து மேலே கேம் வரை செல்லும் பாதை மட்டும் பெல்ட்டின் பொறுப்பு. வேறு பல கார்களில் முழுப் பாதையும் பெல்ட்தான். சிலவற்றில் வாட்டர் பம்பையும் அதுவே சுழற்றும்.

அமெரிக்காவில் தையல் யந்திரத்துக்கென்று உருவான பல் வைத்த பெல்ட்டை, 1962ல் ஜெர்மனியின் கிளாஸ் 1004 என்ற சிறிய கார் கேமை ஓட்டுவதற்கு எடுத்துக்கொண்டது. சப்தமில்லை, எண்ணெய் வேண்டாம், விலையும் குறைவு என்ற சௌகரியங்களால் பிறகு எத்தனையோ கம்பெனிகள் அதைப் பின்பற்றின. ரப்பருக்குள் கண்ணாடி இழையாலான கயிறுகள் ஓடுகின்றன. பல்லின் மேல் நைலான் துணி போர்த்தியிருக்கிறது. இழுவையைத் தாங்குவது அந்தக் கண்ணாடி இழைதான். ஆகையால் புதுப் பெல்ட்டை மடக்கினாலோ, உள்வெளியாகத் திருப்பினாலோ, வெளியே ஒரு காயமும் தெரியாமல் உள்ளே கயிறு முறிந்துவிடும்.

எத்தனை தூரம் தாங்கும்? 60,000 கிலோமீட்டர் என்கிற கம்பெனியும் உண்டு, லட்சம், ஒன்றரை லட்சம் என்கிறவையும் உண்டு. தூரம் ஆகாவிட்டாலும் இத்தனை வருஷத்தில் மாற்றிவிட வேண்டும் என்ற விதியும் கூடவே இருக்கும். ஏனெனில் ஓடாமல் நிற்கிற வண்டியிலும் ரப்பருக்கு வயதாகிறது. ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலுமாகச் சராசரி மணிக்கு 40 கிலோமீட்டர் ஓடும் வண்டி ஒரு லட்சம் கிலோமீட்டரைக் கடக்க 2,500 மணி நேரம் ஆகும். நிமிஷத்துக்கு 2,000 சுற்று என்று வைத்துக்கொண்டால் அதற்குள் கிராங்க் 30 கோடி தடவை சுற்றியிருக்கும். இந்தக் கணக்கைச் சொன்னபோது நண்பரின் முகம் வாடியது; அண்ணா மட்டும், "அத்தனையும் தாங்கிட்டுத்தானுங்க ஓடுது, பாவம்" என்றார்.

கொட்டகையின் மூலையில் மர பெஞ்சின் மேல், வேறொரு டீசல் காரிலிருந்து கழற்றிய ஹெட் கவிழ்ந்து கிடந்தது. பக்கத்துத் தட்டில் வால்வுகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். பையன் ஒன்றை எடுத்துத் தண்டைப் பிடித்துக் கண்ணாடி மேஜையில் உருட்டிக் காட்டினான். நேரான வால்வு வழுக்கிக்கொண்டு ஓடும், இதுவோ தலையை ஆட்டி ஆட்டித் தத்தியது. கண்ணுக்குக் கோணலே தெரியாத வால்வுகூட இந்தப் பரீட்சையில் தோற்றுவிட்டது. பிஸ்டனின் உச்சியில் பிறை வடிவத்தில் தழும்புகள் இருந்தன. அந்த வண்டிக்காரர் போன தீபாவளிக்கு முன்பே பெல்ட் மாற்றச் சொல்லி எச்சரிக்கப்பட்டவராம். ஹெட் லேத்துக்குப் போகவேண்டும், கைடு மாற்ற வேண்டும், சீட் வெட்ட வேண்டும், கேஸ்கெட் புதிதாகப் போடவேண்டும். பெல்ட் வேலைக்கு ஆகியிருக்கக்கூடிய தொகையைப் போலப் பல மடங்கு இப்போது செலவு.

இதற்குப் பிறகும் நண்பர், "இப்பவே மாத்தியே ஆகோணுங்களா அண்ணா, இல்ல ஒரு வருஷம் ஓட்டலாமுங்களா?" என்று கேட்டார். வியாபாரி அல்லவா!

"ஓட்டலாமுங்க. என்ற வண்டின்னா நானே ஓட்டிருவேன். உங்க வண்டிக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். மூடியைக் கழத்திப் பாத்துட்டுப் பேசலாமுங்க."

கழற்றுமுன் அவர் செய்த காரியத்தை நான் வெகுவாக ரசித்தேன். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, மூடியின் போல்ட் தலைகளை ஒவ்வொன்றாக நெருங்கிப் பார்த்தார். ஸ்பானர் படாத போல்ட்டின் விளிம்புகள் கூர்மையாக இருக்கும். இவற்றிலோ விளிம்பு மழுங்கி, இரண்டில் முலாம் உரிந்து துரு ஏறியிருந்தது. யாரோ முன்பே திறந்திருக்கிறார்கள் என்பது பிரத்தியட்சம். திறந்து மாற்றினார்களா, பார்த்துவிட்டு மூடினார்களா என்பதுதான் சம்சயம்.

மூடி வந்தது. பெல்ட்டின் முதுகில் அச்சடித்த எழுத்துகள் பாதிக்கு மேல் தெளிவாகவே இருந்தன, ஓரம் பிசிறவில்லை, பல்லின் அடியில் வெடிப்பு இல்லை, எண்ணெய்ப் பசை இல்லை. இக்காலத்து ரப்பர் கடைசி வரை வெடிப்புக் காட்டாமல் இருந்துவிடும் என்பதால் பார்வையை மட்டும் நம்பக்கூடாது என்று அண்ணா சொன்னாலும், இது நடு வயதுப் பெல்ட் என்றே அவரும் அனுமானித்தார். நண்பர் ஜயித்துவிட்டவர்போல என்னைப் பார்த்தார்.

ஆனால் அண்ணா அத்துடன் நிறுத்தவில்லை. சக்கரங்களில் பொறித்த மார்க்குகளை நேர்படுத்தி, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைத் தளர்த்தி, பெல்ட்டை எடுத்துவிட்டு, அது தழுவிச் செல்லும் ஐட்லர் சக்கரத்தை விரலால் சுண்டிச் சுற்றினார். உள்ளே கிரீஸ் உள்ள பேரிங் சுண்டியவுடன் மெதுவாக ஓடி நின்றுவிடும்; இது காற்றாடியாகச் சுற்றிக்கொண்டே கரகரத்தது. என் கையில் கொடுத்தார். சக்கரத்தைப் பிடித்து அசைத்தால் மயிரிழை ஆட்டம் விரல் நுனிக்குத் தெரிந்தது. முன்பு இருந்தவர் பெல்ட்டை மாற்றியிருக்கிறார். பேரிங்குக்கான காசை மிச்சம் பிடித்துவிட்டார். அது ஒரு நாள் இறுகி நின்றால், பெல்ட் எத்தனை புதிதாக இருந்தும் பயனில்லை.

"பெல்ட்டு தானா அறுந்தது கொஞ்சமுங்க. பேரிங்கோ பம்போ புடிச்சு அறுத்ததுதான் நான் பாத்ததுல நிறைய" என்றார். பெல்ட்டைப் பார்த்தே தீர்மானம் செய்ய வந்த எங்கள் இருவருக்கும் அது புதிய பாடம்.

பிறகு விவாதம் நடக்கவில்லை. பெல்ட், ஐட்லர், டென்ஷனர் மூன்றும் சேர்ந்த கிட் வந்தது. இதில் போலிச் சரக்கு ஏராளம். அட்டைப் பெட்டி மட்டும் அசலைவிட அழகாக இருக்கும் என்று சிரித்த அண்ணா, ஏஜென்சியின் பில்லோடு வந்தாலொழியத் தொடுவதில்லை என்றார். புது டென்ஷனரின் தண்டை வைஸில் வைத்து, அவசரமில்லாமல், உள்ளே இருக்கும் எண்ணெய்க்கு வழிவிட அவகாசம் கொடுத்து அமுக்கி, துவாரத்தில் மெல்லிய ஆலன் சாவியைச் செருகி நிறுத்தினார். பெல்ட்டைப் பையனே போட்டான். ஐ.டி.ஐ. முடித்தவன், ஆனால் பெல்ட்டை எந்தப் பக்கம் முதலில் இழுத்துப் பிடித்தால் மார்க் நகராது என்பதை இங்கேதான் கற்றிருக்கிறான். சாவியை உருவியதும் தண்டு வெளியே வந்து பெல்ட்டை இறுக்கியது. சாவி போட்டு ஸ்டார்ட் செய்யத் துடித்த நண்பரைத் தடுத்து, கிராங்க் போல்ட்டில் சாக்கெட்டைப் பொருத்தி, கையாலேயே முழுசாக இரண்டு சுற்றுச் சுற்றி, மார்க்குகள் மறுபடியும் நேருக்கு நேர் வந்ததைப் பார்த்த பிறகே அண்ணா தலையசைத்தார். தப்பாக மாட்டியிருந்தால் கையால் சுற்றும்போது முட்டி நிற்கும். ஸ்டார்ட்டரால் சுற்றினால் முட்டி வளைந்துவிடும்.

கூலி பேசும் கட்டத்தில் நண்பர் வழக்கம்போலப் பேரம் தொடங்கினார். உதிரி பாகத்தின் விலையில் ஒரு ரூபாயும் குறைக்கச் சொல்லாதவர்கள், அதை மாட்டிய கையின் கூலியில் மட்டும் நூறு இருநூறு குறைக்கச் சொல்வதை நான் எல்லாத் தொழிலிலும் கண்டிருக்கிறேன், எங்கும் சகித்ததில்லை. அதிலும் இந்த வேலை நன்றாக நடந்தால் வண்டி முன்போலவே ஓடும். வேகம் கூடாது, மைலேஜ் கூடாது, கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மாற்றச் சொன்னால் காசுக்காகச் சொல்கிறான் என்பார்கள். சொல்லாமல் விட்டு அறுந்தால் ஏன் சொல்லவில்லை என்பார்கள். கேட்ட கூலியையே கொடுக்கும்படி நான் நண்பரை வற்புறுத்தினேன், கொடுத்தார்.

2016ல் வந்த இன்னோவா கிரிஸ்டாவின் டீசலில் பெல்ட் இல்லை, சங்கிலி. ஸ்விஃப்டில் முன்பு வந்த டீசலிலும் சங்கிலிதான். மின்சாரக் காரில் இரண்டும் இல்லை. ஆயினும் பெல்ட் வைத்த வண்டிகள் இன்னும் பல காலம் கை மாறிக்கொண்டுதான் இருக்கப்போகின்றன.

ஆகையால் பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு என் அபிப்பிராயம் இது. பெல்ட் மாற்றிய பில் இருந்தால் அதில் குறித்த தேதியிலிருந்தும் கிலோமீட்டரிலிருந்தும் கணக்கைத் தொடங்குங்கள். அந்தப் பில்லில் பேரிங்கும் டென்ஷனரும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பில்லே இல்லையென்றால், விற்கிறவர் எத்தனை சத்தியம் செய்தாலும், கிட்டின் விலையையும் கூலியையும் கிரயத்தில் கழித்துக்கொண்டு, வண்டியை முதலில் பட்டறையில் விடுங்கள்.