பெருக்குகிறவரின் மூச்சு



ஆடிக்காற்றோடு எலுமிச்சை மண்டிக்குப் போகும் லாரிகள் கிளப்பும் புழுதியும் சேர்ந்தால், காலையில் பெருக்கிய வீடு மதியத்திற்குள் எப்படியாகும் என்பதைப் புளியங்குடியில் வாழும் உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. நம் ஆலயத்தின் நடுப்பாதையில் விரித்திருக்கும் கம்பளத்திற்கும் அதே கதிதான். அதைப் பெருக்கும் கோயில்குட்டியார் ஒவ்வொரு சனிக்கிழமையும் இருமிக்கொண்டே வெளியே வருகிறார். தூசி உறிஞ்சும் இயந்திரம் ஒன்று வாங்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது, "அது பட்டணத்துப் பணக்காரருடைய பொருளல்லவா?" என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வியே.

ஆரம்பத்தில் அது பணக்காரருடைய பொருளாகத்தான் இருந்தது. 1901-ல் இங்கிலாந்தில் ஹியூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர் அமைத்த இயந்திரத்தைக் குதிரைகள் இழுத்துச் சென்றன. அது தெருவில் நிற்க, நீண்ட குழாய்கள் ஜன்னல் வழியாக மாளிகைகளுக்குள் நுழைந்தன. 1902-ல் அரசரின் முடிசூட்டு விழாவிற்காக வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் கம்பளங்களைச் சுத்தம் செய்ததும் அதுவே.

ஆனால் கையில் பிடித்துத் தள்ளும் இயந்திரம் பிறந்த கதை வேறு. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள கேன்டன் ஊரில், ஒரு கடையைப் பெருக்கும் வேலை செய்தவர் ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்ளர். ஏறக்குறைய 60 வயது, ஆஸ்துமா நோயாளி. கம்பளத்திலிருந்து எழும் தூசி அவர் மூச்சை அடைத்தது. மின்விசிறியின் மோட்டாரையும் ஒரு துடைப்பக் கம்பையும் தலையணை உறையையும் இணைத்து, 1907-ல் தமக்கென ஓர் இயந்திரம் செய்துகொண்டார். 1908-ல் காப்புரிமை கிடைத்தது. அதை வாங்கிய வில்லியம் ஹூவரின் பெயரே உலகமெங்கும் பரவியது. பெருக்கியவரின் பெயர் பலருக்குத் தெரியாது. உலகம் பெரும்பாலும் அப்படித்தான்.

வாரியல் தூசியை எழுப்புகிறது. எழுந்ததில் நுண்ணியது காற்றில் மிதந்து, பெருக்குகிறவரின் நெஞ்சுக்குள் போய், மீதி மறுபடியும் தரையில் படிகிறது. இயந்திரமோ உள்ளே காற்றழுத்தத்தைக் குறைத்து, வெளிக்காற்றைத் தூசியோடு இழுத்து, பையிலோ வடிகட்டியிலோ அடைத்துவிடுகிறது. ஹெப்பா எனப்படும் வடிகட்டி 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைத் தடுக்கும். மெத்தை, சோபா, திரைச்சீலை ஆகியவற்றில் தங்கும் உண்ணிகளின் கழிவு ஆஸ்துமாவைத் தூண்டுவது. அங்கே வாரியலால் பயனில்லை.

நம் நாட்டில் 1982-ல் தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனத்தார் வீடு வீடாகச் சென்று செய்துகாட்டி இதை விற்றார்கள். எனினும் எல்லா வீட்டிற்கும் இது தேவை என்று நான் சொல்லமாட்டேன். சிமெண்ட் தரையும் பாயும் மட்டுமுள்ள வீட்டில் ஈரத்துணியால் துடைப்பதே போதும். இன்னொன்றும் உண்டு. ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற வரலாற்றாசிரியர் 1983-ல் எழுதிய நூலில், இத்தகைய இயந்திரங்கள் வந்தபின் ஆண்கள் வீட்டுவேலையிலிருந்து விலகிக்கொண்டார்கள், பெண்களின் வேலை குறையவில்லை என்று காட்டினார். ஆகவே சகோதரர்களே, வீட்டிற்கு வாங்கினால் அதைத் தள்ளுவது உங்கள் கையாக இருக்கட்டும்.

ஆலயத்திற்கு வாங்குவதானால், பையை வெளியே கொண்டுபோய்க் கொட்டவும் வடிகட்டியை அவ்வப்போது சுத்தம் செய்யவும் வாலிபர் சங்கத்திலிருந்து இருவர் பொறுப்பெடுக்கவேண்டும். இல்லையேல் அது மூலையில் கிடக்கும். கமிட்டி கூடும் நாளில் கோயில்குட்டியாரையும் அழைத்திருக்கிறேன். அவர் பேசி முடித்தபின் விலையைப் பற்றிப் பேசுவோம்.