அரிக்கமேட்டு மணி யார் கைவேலை?

அரிக்கமேட்டுக்குப் போகிறவர்கள் தவறாமல் போட்டோ எடுப்பது மரங்களுக்கு நடுவே நிற்கும் அந்தப் பாழடைந்த செங்கல் சுவரைத்தான். ‘ரோமானியர் வந்து போன இடம்’ என்று ஒரு வரி சேர்த்து, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டால் வந்த வேலை முடிந்தது.

அந்தச் சுவருக்கும் ரோமானியருக்கும் சம்பந்தமே கிடையாது. 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மிஷனரிகள் கட்டிய கட்டடத்தின் மிச்சம் அது. நாம் தேடி வந்தது அதைவிட ஆயிரத்து எழுநூறு வருடம் மூத்தது. அது தரைக்கு மேலே நிற்கவில்லை, காலுக்குக் கீழே கிடக்கிறது.

பழைய இடங்களில் கண்ணுக்கு முதலில் படுவது பெரும்பாலும் நாம் தேடியதாக இருக்காது. இந்த ஒரு பாடத்தை மனதில் வைத்துக்கொண்டு சுற்றினால், அரிக்கமேடு நிறையச் சொல்லும்.

வழி

புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் தெற்கே நாலைந்து கிலோமீட்டர். அரியாங்குப்பத்தில் கடல் பக்கமாகத் திரும்பி, வீராம்பட்டினம் போகும் வழியில் காக்காயன்தோப்பை விசாரித்தால் சொல்வார்கள். அரியாங்குப்பம் ஆறு கடலில் சேருவதற்கு முன் வளைந்து போகும் இடத்தில், ஆற்றங்கரையை ஒட்டிய மேடு. தென்னையும் மாமரமும் நிழல் தருகின்றன. தோண்டிய குழிகளை ஆய்வு முடிந்ததும் மூடிவிட்டார்கள். ‘இதுக்கா இவ்வளவு தூரம் கூட்டிக்கிட்டு வந்தே?’ என்று பிள்ளைகள் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது.

அதனால் ஒரு யோசனை. முதலில் புதுச்சேரி பாரதி பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்குப் போய்விடுங்கள். அரிக்கமேட்டில் கிடைத்த பானை ஓடுகள், கூர்முனை மதுச்சாடிகளின் துண்டுகள், கடுகும் மிளகுமாகச் சிதறினாற்போல் சின்னச் சின்னப் பாசிமணிகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. அவற்றைப் பார்த்த கண்ணோடு மேட்டில் நின்றால், வெறும் மண் வேறு மாதிரித் தெரியும்.

பிள்ளைகள் பொறுக்கிய மணிகள்

இந்த இடத்தை உலகம் கவனித்ததற்கும் அந்த மணிகளே காரணம். 1930-களில், மழைக்கு மண் கரைந்து மேலே வரும் மணிகளை ஊர்ப் பிள்ளைகள் பொறுக்கி வைத்திருந்தார்கள். புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் அவற்றைச் சேகரிக்கத் தொடங்கினார்.

1944-இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்து அலமாரியில் ஒரு மண்சாடியின் கழுத்தும் நீண்ட கைப்பிடியும் கிடப்பதைப் பார்த்தார். மத்தியதரைக் கடல் நாடுகளில் திராட்சை மதுவும் எண்ணெயும் நிரப்பி அனுப்பும் சாடி அது. எங்கே கிடைத்தது என்று விசாரித்தபோது வந்த பதில், அரிக்கமேடு. அடுத்த வருடமே, 1945-இல், இங்கே அகழாய்வு நடத்தினார்.

வீலருக்கு இங்கே கிடைத்த பெரிய புதையல், இத்தாலியில் செய்த சிவப்புப் பளபளப்பு மண்பாண்டத்தின் துண்டுகள். அந்தப் பாண்டம் எந்தக் காலத்தில் புழங்கியது என்று ஐரோப்பாவில் ஏற்கெனவே கணக்கிட்டு வைத்திருந்தார்கள். ஆகவே அது கிடைத்த மண் அடுக்கு கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதே அடுக்கில் கிடைத்த நம்மூர்ப் பானைகளுக்கும் அதே வயது. தேதி போட்ட பில் ஒன்று பழைய பெட்டியில் கிடைத்தால், கூட இருந்த சாமான்களின் காலமும் தெரிந்துவிடுவது போல. தென்னிந்தியத் தொல்லியலில் பல இடங்களின் காலத்தைக் கணிக்க இந்த மேடு அளவுகோல் ஆனது.

பானை சொன்ன மறுப்பு

அதே வீலர் ‘இந்தோ–ரோமானிய வணிக நிலையம்’ என்று இந்த இடத்துக்குப் பெயர் வைத்தார். ரோமானியக் கப்பல் வந்த பிறகே ஊர் உருவானது போன்ற தோற்றம் அதனால் வந்தது. பின்னர் பிரெஞ்சு ஆய்வாளர் கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் தோண்டியபோது படம் மாறியது. இத்தாலியப் பாண்டம் வருவதற்கு முன்பே இங்கே மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள். அது வருவது நின்ற பிறகும் ஊர் பிழைத்திருக்கிறது. கப்பல்கள் தேடி வந்தது ஏற்கெனவே இருந்த ஊரைத்தான்.

இன்னொரு பானையின் கதை அதைவிடச் சுவையானது. உள்பக்கத்தில் வட்ட வட்டமாகப் புள்ளிக்கோடு உருட்டிய மெல்லிய தட்டுகள் இங்கே நிறையக் கிடைத்தன. ‘ரூலெட்டட்’ பாண்டம் என்பது ஆய்வாளர்கள் வைத்த பெயர். அந்த அலங்காரத்தைப் பார்த்து, இதுவும் மேற்கிலிருந்து வந்த சரக்கு என்றுதான் முதலில் நினைத்தார்கள். பிறகு அதன் களிமண்ணையே ஆய்வுக்கூடத்தில் சோதித்தார்கள். மண் இந்தியத் துணைக்கண்டத்து மண்! அலங்காரத்தை யாரும் யாரைப் பார்த்தும் போடலாம். மண்ணுக்கு அந்த வித்தை தெரியாது. எந்த ஊரிலிருந்து எடுத்ததோ அந்த ஊரின் அடையாளத்தைச் சுமந்தபடியே இருக்கும்.

செங்கல் தொட்டிகளும் கிடைத்தன. துணிக்குச் சாயம் தோய்த்த தொட்டிகளாக இருக்கலாம் என்று வீலர் கருதினார். சோழமண்டலக் கரையின் நெசவுப் பெருமைக்குப் பொருத்தமான ஊகம்தான். ஆனால் தொட்டியில் தண்ணீரும் நிற்கும், வேறு எதுவும் நிற்கும். தொட்டியின் வடிவம் மட்டும் சாயத்துக்குச் சாட்சி ஆகாது.

மணியா, கழிவா?

இப்போது பாசிமணிக்கு வருவோம். ஓர் இடத்தில் ஆயிரம் மணி கிடைத்தால், அவை அங்கேயே செய்யப்பட்டவை என்று சொல்லலாமா? முடியாது. நம் வீட்டில் பத்துப் புடவை இருப்பதால் வீட்டில் தறி இருந்தது என்று ஆகுமா? முடிந்த பொருள் சொல்வது அது அங்கே புழங்கியதை மட்டும்தான்.

செய்த இடத்தைக் காட்டிக்கொடுப்பது குப்பை. பாதியில் உடைந்த குழாய், சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிப்போன மணிகள், வெட்டி எறிந்த முனைகள். நல்ல சரக்கைக் கப்பலேற்றி அனுப்புவார்கள். கழிவை யாரும் விலை கொடுத்து வாங்கிப் போவதில்லை. அரிக்கமேட்டில் அந்தக் கழிவு ஏராளம்.

அந்தக் கழிவைப் படிக்கக் கற்றுக்கொடுத்தது, வாழும் ஒரு கைத்தொழில். ஆந்திரத்தில் ஸ்ரீகாளஹஸ்திக்குப் பக்கத்தில் பாப்பாநாயுடுபேட்டை என்று ஓர் ஊர். அங்கே ‘லடா’ என்ற நீண்ட இரும்புக் குழாயின் முனையில், உருகிய கண்ணாடியைக் கூம்பாகத் திரட்டுவார்கள். கூம்பின் நடுவே துளை. உலையின் மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் கைகாரர், கொக்கியால் கூம்பின் நுனியைப் பிடித்து இழுப்பார். பாகு கம்பியாக நீள்வது போல, நடுவே துளையோடு மெல்லிய கண்ணாடிக் குழாய் வந்துகொண்டே இருக்கும். அதைப் பொடிப்பொடியாக வெட்டி, சாம்பலில் கலந்து மறுபடி சூடாக்கினால் வெட்டு விளிம்புகள் உருண்டு மணியாகிவிடும். துளை மூடாமலும் மணிகள் ஒட்டாமலும் காப்பது அந்தச் சாம்பல்.

அமெரிக்க மணி ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ், இந்த ஊரின் கழிவையும் அரிக்கமேட்டின் கழிவையும் ஒப்பிட்டார். இரண்டும் ஒரே தொழில்முறையைக் காட்டின. அருங்காட்சியகத்துக்குப் போகும்போது இன்னொரு செய்தியை நினைவில் வையுங்கள். இப்படி இழுத்துச் செய்த மணிக்குள் இருக்கும் காற்றுக்குமிழிகள் துளையின் போக்கிலேயே நீண்டிருக்கும். கம்பியில் சுற்றிச் செய்த மணியில் அவை துளையைச் சுற்றி ஓடும். செய்த கையின் அசைவு, மணிக்குள்ளேயே பதிந்து கிடக்கிறது.

‘முதல்’ என்ற சொல்

கிழக்கு ஆப்பிரிக்கா முதல் கொரியா வரை கிடைக்கும் இந்த வகை மணிகளுக்கு ‘இந்தோ–பசிபிக் மணிகள்’ என்று பெயர் வைத்தவரும் பிரான்சிஸ்தான். அரிக்கமேட்டில் பிறந்த தொழில், இலங்கையின் மாந்தைக்கும், தாய்லாந்து, வியட்நாம் கரைகளுக்கும் கைவினைஞர்களோடு பயணம் போனது என்பது அவர் வரைந்த படம். கேட்கும்போது நமக்கெல்லாம் நெஞ்சு நிமிரும்.

அதற்குப் பிறகு வந்த சான்றுகள் இந்தப் படத்தைச் சிக்கலாக்கின. இலங்கையின் வடமேற்கில் கிரிபாவ என்ற இடத்தில், மணலையும் சோடா உப்பையும் சேர்த்துக் கண்ணாடியையே காய்ச்சிய உலைகள் கிடைத்தன. மணிகளின் ரசாயனக் கலவையை ஆராய்ந்த லார் துசுபியூ போன்றவர்கள், பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும் மணிகளில் பல வேறு பக்குவங்கள் இருப்பதைக் காட்டினார்கள். அரிக்கமேட்டுக் கண்ணாடியின் பக்குவம் ஒன்று, கிரிபாவவின் பக்குவம் வேறொன்று. தாய்லாந்தின் காவ் சாம் கேவ் என்ற துறைமுக ஊரில், கி.மு. 4 முதல் 2-ஆம் நூற்றாண்டுக்குள்ளேயே இந்தியத் தொழில்நுட்பத்தில் கண்ணாடி வேலையும் மணிக்கல் வேலையும் நடந்திருக்கின்றன.

இங்கே ஒரு வேறுபாட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மாவை பாக்கெட்டில் வாங்கியும் தோசை சுடலாம். தோசை சுட்ட தடயம் இருக்கிறது என்பதற்காக மாவும் அங்கேதான் அரைத்தது என்று ஆகாது. அதுபோல, மணி செய்த இடம் வேறு, கண்ணாடி காய்ச்சிய இடம் வேறு, அந்த வித்தை முதன்முதலில் யாருக்குத் தோன்றியது என்பது இன்னும் வேறு. முதல் கேள்விக்கு அரிக்கமேட்டின் குப்பை உறுதியாகப் பதில் சொல்கிறது. கடைசிக் கேள்விக்கு எந்தக் குப்பையும் பதில் சொல்வது கடினம். ஏனென்றால் ‘இதுவரை கிடைத்ததில் பழையது’ என்பதற்கு ஆயுள், அடுத்த குழி தோண்டும்வரைதான்.

இதனால் நம் பெருமை குறையுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ‘உலகுக்கே முதலில் செய்தவர்கள்’ என்பது நாளை ஒரு மண்வெட்டியில் உடையக்கூடிய பெருமை. ‘இந்த ஆற்றங்கரையில் உலை மூட்டி, கடல் தாண்டிய ஊர்களோடு தொழிலையும் சரக்கையும் பகிர்ந்துகொண்டவர்கள்’ என்பது கழிவும் குமிழியும் ரசாயனமும் சேர்ந்து சாட்சி சொல்லும் பெருமை. பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க இரண்டாவதுதான் உகந்தது.

ஒரு மணியைப் பார்த்தால்

மழைக்குப் பிறகு போனால், மேட்டின் மண்ணில் இன்றைக்கும் ஒரு சிவப்பு மணியோ நீல மணியோ பளிச்சென்று கண்ணில் படலாம். எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளக் கை பரபரக்கும். இது இந்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் இடம், எதையும் எடுத்துப்போகக் கூடாது என்பது சட்டம். சட்டத்தைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருக்கிறது. மண்ணில் இருக்கும்வரை அந்த மணிக்கு அக்கம்பக்கம் உண்டு: எந்த அடுக்கு, பக்கத்தில் எந்த ஓடு, எந்தச் சாம்பல் என்று. நம் பைக்குள் வந்துவிட்டால் அது அழகான ஒரு கண்ணாடித் துண்டு, அவ்வளவுதான். ஆறு ஒரு பக்கம் கரையை அரித்துக்கொண்டிருக்கும்போது, மிச்சம் இருக்கும் சாட்சியை நாமும் கலைக்க வேண்டாமே.

பிள்ளைகளோடு போங்கள். குனிந்து பாருங்கள், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், மணியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். ஆசையாக இருந்தால் கடைத்தெருவில் பாசிமணி மாலை ஒன்று வாங்கி, ஒரு மணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் குமிழிகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று பாருங்கள்.