மணல் இல்லாத பாலைவனம்

தங்கை வீட்டுக்காரருக்கு ஜோத்பூரில் விமானப்படை வேலை. ஆவணியில் ஒரு வாரம் போயிருந்தேன். தங்கை மகள் ஆறாம் வகுப்பு. அவள் பள்ளியில் பாலைவனம் பார்க்கக் கூட்டிப்போகிறார்கள், துணைக்குப் பெரியவர் ஒருவர் வேண்டும் என்றார்கள். மாட்டியது நான்.

பிள்ளைகள் முப்பது பேர் இருப்பார்கள். அத்தனை பேர் மனதிலும் மணல்மேடும் ஒட்டகமும்தான். வேன் போய் நின்றதோ மெஹ்ரான்கர் கோட்டையை ஒட்டிய ராவ் ஜோதா பாலைப் பாறைப் பூங்காவில். திரும்பிய பக்கமெல்லாம் செம்பழுப்புப் பாறை. "ஏமாத்திட்டாங்க மாமா" என்று தங்கை மகள் காதோரம் சொன்னாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

வழிகாட்ட வந்த இளைஞர் சிரித்தார். தார் பாலைவனம் முழுக்க மணல் என்று யார் சொன்னது? பாறை, சரளை, உப்புத்தரை எல்லாம் சேர்ந்ததுதான் தார். நாங்கள் நின்றது 70 கோடி ஆண்டுகளுக்கு மேல் வயதான எரிமலைப் பாறை. வருடத்துக்கு 36 சென்டிமீட்டர் போல மழை. அதிலும் பெரும்பகுதி ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள் கொட்டி முடிந்துவிடும்.

நடக்கத் தொடங்கியதும் என் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஒரு முள் ஏறியது. ராமநாதபுரத்தில் வளர்ந்தவனுக்கு அதை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சீமைக் கருவேலம்! இங்கே அதற்குப் பெயர் பாவ்லியா. பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். அந்த முள்ளை வாங்கி வைத்துக்கொண்டே பாடத்தை ஆரம்பித்தார் இளைஞர்.

மெக்சிகோ பக்கத்து மரம் இது. 1930களில் ஜோத்பூர் மகாராஜா விமானத்திலிருந்து விதை தூவினார் என்கிறார்கள். வறண்ட ஊர் பச்சையாகட்டும் என்ற நல்லெண்ணம்தான். அது பிற செடிகளை எழும்ப விடாமல் குன்றையே வளைத்துக்கொண்டது. 2006இல் 70 ஹெக்டேரில் இதை ஒழிக்க இறங்கினார்கள். திட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் பிரதீப் கிருஷன். வெட்டினால் மறுபடி துளிர்க்கும். வேரோடு எடுக்கப் பாறையை உடைக்க வேண்டும். அதற்கு வந்தவர்கள் கண்ட்வாலியா என்னும் கல்லுடைக்கும் மக்கள். சுத்தியலால் தட்டி, சத்தத்தை வைத்தே பாறை எங்கே இளகியிருக்கிறது என்று சொல்லிவிடுவார்களாம். உடனே ஆளுக்கொரு கல்லை எடுத்துப் பாறைகளைத் தட்டிக் காது வைத்துக் கேட்க ஆரம்பித்தது கூட்டம். பதினைந்து நிமிடம் வேறெதுவும் நடக்கவில்லை. ஆசிரியை அதட்டாமல் விட்டது எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு கள்ளிப் புதர் ஒன்றைச் சுற்றி உட்கார்ந்தோம். இங்கே 'தோர்' என்கிறார்கள். மழைக்காலம் என்பதால் சின்னச் சின்ன இலைகள் இருந்தன. மழை போனால் இலையை உதிர்த்துவிட்டு, பச்சைத் தண்டையே வைத்துச் சமையலை நடத்திக்கொள்ளுமாம். "உள்ளே பாருங்கள்" என்றார். முள் தண்டுகளுக்கு நடுவே விரல் நீளத்துக்கு வேறேதோ ஒரு கன்று, மூன்று இலையோடு. வெளியே முளைத்திருந்தால் ஆட்டுக்கு ஒரு வாய். "அப்ப கள்ளி அதுக்கு அம்மாவா?" என்றான் ஒரு பையன். "அம்மா இல்லை, பக்கத்து வீட்டு ஆச்சி" என்று தமிழில் முணுமுணுத்தேன். தங்கை மகள் இந்தியில் அதை உரக்கச் சொல்லிவிட்டாள்.

கொஞ்சம் தள்ளி ஓர் எருக்கஞ்செடியில் கறுப்பு, மஞ்சள், வெள்ளை வரி போட்ட புழுக்கள். எருக்கம்பாலின் விஷத்தைத் தின்று உடம்பில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் கிட்டே வருவதில்லை. ஊரில் எத்தனை எருக்கைத் தாண்டி நடந்திருப்பேன், ஒருநாள் குனிந்து பார்த்ததில்லை.

மதியம் ஒரு பெண் பிள்ளை டிபன் டப்பாவை நீட்டினாள். பூரி, கைர்–சாங்ரி என்ற கறி. சாங்ரி என்பது கேஜ்ரி மரத்துக் காய். கேஜ்ரி நம் வன்னி. கோயிலில் சுற்றி வந்து கும்பிட்ட மரத்தின் காயை இந்த வயதில்தான் முதன்முதலாகத் தின்றேன். கொஞ்சம் புளிப்பு, நல்ல காரம். கேஜ்ரி ராஜஸ்தானின் மாநில மரம். ஆனால் பாறை அதற்கு ஆகாது, மணல்தான் வேண்டும் என்று இளைஞர் சொன்னதும், "அப்ப மணலுக்கு எப்ப போறோம்?" என்று முப்பது குரல்.

ஜோத்பூர் போகிறவர்கள் கோட்டையோடு திரும்பிவிடாமல், பிள்ளைகளோடு இங்கே இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். மழைக்காலக் காலைவேளை நல்லது. தண்ணீர் கொண்டுபோங்கள். காலில் ஷூ இருக்கட்டும்.